பழைய பைக்கில் `கீச்' சத்தமா? ஜி.டி.நாயுடு கதையைப் படிச்சுட்டு ஸ்பேனரை எடுங்க!

வாழவந்தியில் காபித் தோட்டம், மிளகுக் கொடி எல்லாம் சுத்திப் பார்த்துட்டு, ஏற்காடு வழியா சேலத்துக்கு பைக்கில் இறங்குறீங்கனு வெச்சுக்கோங்க. மலைப்பாதையில் மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள். பைக் போன மாசம் வாங்கினது, செகண்ட் ஹேண்ட். வாங்கும்போது இன்ஜின் சத்தத்தைக் கேட்டீங்க, மைலேஜ் விசாரிச்சீங்க, டயரைத் தட்டிப் பார்த்தீங்க. பிரேக்கை மட்டும் யாரும் பெருசா கவனிச்சிருக்க மாட்டீங்க. இப்போ ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கைத் தொட்டதுமே `கீ...ச்'!

இதுக்கு நம்ம ஊர்ல மூணு வைத்தியம் உண்டு. ஒண்ணு, பழகிடும்னு விட்டுடுறது. ரெண்டு, சத்தம் வர்ற இடத்துல ரெண்டு சொட்டு எண்ணெய் விடுறது. மூணு, பயந்துபோய் வந்த விலைக்கு வண்டியைத் தள்ளிவிடுறது. முதல் வைத்தியம் ஆபத்து. ரெண்டாவது, அதைவிடப் பெரிய ஆபத்து. மூணாவது, பணத்துக்குக் கேடு.

நாலாவதா ஒரு வழி இருக்கு. கழற்றிப் பார்ப்பது. நூறு வருஷத்துக்கு முன்னாடி கோவையில் ஓர் இளைஞர் தன்னோட செகண்ட் ஹேண்ட் பைக்கை அப்படித்தான் பார்த்தார். அந்த ஒரு வண்டியிலிருந்து பஸ் கம்பெனி, தொழிற்சாலை, பொறியியல் கல்லூரி எனப் பெரிய வாழ்க்கையே கிளம்பியது. அவர்தான் ஜி.டி.நாயுடு.

ஒரு பைக்குக்காக ஹோட்டல் வேலை

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893-ம் ஆண்டு மார்ச் 23 அன்று, கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் ஆரம்பத்திலிருந்தே ஒத்துவரவில்லை. சேட்டைக்காரப் பையன் என்று பெயர் வாங்கினார். ஆரம்ப வகுப்புகளைத் தாண்டுவதற்குள்ளேயே படிப்பு நின்றுபோனது.

1912 வாக்கில், ஆங்கிலேய வருவாய்த்துறை அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிள் அவர் கண்ணில் பட்டது. இங்கிலாந்தில் தயாரான ரட்ஜ் வண்டி. மாடும் குதிரையும் இழுக்காமல் தானாக ஓடும் ரெண்டு சக்கரம், அன்றைய கொங்கு கிராமத்தில் எவ்வளவு பெரிய அதிசயமாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இருபது வயதுகூட ஆகாத துரைசாமிக்கு ராத்திரி தூக்கம் போனது. அந்த வண்டி வேண்டும்!

இன்றைக்கு நாம் இ.எம்.ஐ போடுவோம். அன்றைக்கு அவர் கோவைக்கு வந்து கிடைத்த வேலையெல்லாம் செய்தார். ஹோட்டலில் சர்வராக நின்றார். காசு காசாகச் சேர்த்து, கடைசியில் அதே அதிகாரியிடமிருந்து அந்த வண்டியை வாங்கினார். ஆக, பின்னாளில் இந்தியாவின் எடிசன் என்று பெயரெடுத்தவரின் முதல் இயந்திரம், உங்களுடையது மாதிரியே பழைய வண்டிதான்.

வாங்கிய வண்டியில் ஊர் சுற்றுவதோடு அவர் நிற்கவில்லை. பாகம் பாகமாகக் கழற்றினார். திரும்பவும் மாட்டினார். கற்றுக்கொடுக்க ஆளில்லை, பார்த்துப் படிக்க யூடியூப் இல்லை. எந்த பாகம் எதைத் தள்ளுகிறது, எதை இழுக்கிறது என்பதை வண்டியே அவருக்குக் காட்டியது. பள்ளிக்கூடத்தில் தங்காத பையன், இப்படித்தான் மெக்கானிக் ஆனார்.

சத்தம் எங்கிருந்து வருது?

நாயுடு வாங்கிய காலத்து மோட்டார் சைக்கிள்களில் இன்றைய டிஸ்க், காலிப்பர் எதுவும் கிடையாது. சைக்கிளில் இருக்கிற மாதிரி சக்கர விளிம்பிலோ, பெல்ட் ஓடும் வளையத்திலோ ஒரு கட்டை போய் அழுத்தும். உராய்வில் வேகம் குறையும். இன்றைக்கும் அடிப்படை அதேதான். டிரம் பிரேக்கில் ரெண்டு பிரேக் ஷூக்கள் விரிந்து டிரம்மின் உள்சுவரை அழுத்துகின்றன. டிஸ்க் பிரேக்கில் ரெண்டு பேடுகள் டிஸ்க்கை இடுக்கிப் பிடிக்கின்றன.

அந்தப் பிடி சீராக இருந்தால் சத்தம் வராது. பேடு ஒரு நொடியில் பலமுறை ஒட்டி, வழுக்கி, மறுபடி ஒட்டினால் அந்த இடமே அதிர ஆரம்பிக்கும். கரும்பலகையில் சாக்பீஸ் கிறீச்சிடுவதும், வயலின் தந்தியில் வில் உரசும்போது இசை வருவதும் இதே விஷயம்தான். வயலினில் கேட்க இனிமையாக இருக்கும், வளைவில் இருக்காது.

பிரேக் சத்தத்தின் வரலாறு டிஸ்க் பிரேக்கோடு சேர்ந்தே பிறந்தது. இங்கிலாந்தின் ஃப்ரெடெரிக் லான்செஸ்டர் 1902-ல் காருக்கான டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். பேடு தாமிரம், டிஸ்க்கும் உலோகம். உலோகத்தோடு உலோகம் உரசி, சகிக்க முடியாத கிறீச்சல். ஃபெரோடோ பிரேக் நிறுவனத்தைத் தொடங்கிய ஹெர்பர்ட் ஃப்ரூட் என்ற இன்னோர் ஆங்கிலேயர், 1907-ல் பேடின் மேல் கல்நார் பூச்சு கொடுத்து அந்தச் சத்தத்தை அடக்கினார். கல்நார் நுரையீரலைக் கெடுக்கும் என்பது பின்னாளில் தெரிந்து, இப்போது வேறு பொருள்கள் வந்துவிட்டன. உங்கள் பேடில் இருக்கும் அந்த உராய்வுப் பூச்சு தேய்ந்து தீர்ந்தால், நீங்கள் 1902-க்கே திரும்பிப் போய்விடுகிறீர்கள். இரும்போடு இரும்பு!

அதனால் முதல் வேலை, காதைத் தீட்டிக்கொண்டு கேட்பது.

* ஏற்காட்டுப் பனியில் ராத்திரி முழுக்க நின்ற வண்டி, காலையில் முதல் ரெண்டு மூணு பிரேக்குக்கு மட்டும் கீச்சிட்டு அடங்கினால் பயப்பட வேண்டாம். டிஸ்க்கில் படிந்த ஈரமும் மெல்லிய துருவும்தான் காரணம்.
* எப்போது பிடித்தாலும் மெல்லிய கூர்மையான `கீச்' வந்தால், தூசியோ, சூட்டில் கண்ணாடி மாதிரி வழவழப்பாகிப்போன பேடோ, இறுகிப்போன காலிப்பர் பின்னோ காரணமாக இருக்கலாம்.
* `கர கர' என்று அரைக்கும் சத்தம் வந்தால் பேடு தீர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வண்டியோடு மலை இறங்கவே கூடாது.

பின்னால் பயணிகள் வந்தபோது...

பைக்கில் கற்றுக்கொண்ட கையோடு நாயுடு உடனே பணக்காரர் ஆகிவிடவில்லை. பருத்தித் தொழிலில் இறங்கினார். திருப்பூரில் சம்பாதித்ததை எடுத்துக்கொண்டு பம்பாய் போய், பருத்தி வியாபாரத்தில் கையைச் சுட்டுக்கொண்டு ஊர் திரும்பினார். அந்த நேரத்தில் கைகொடுத்தவர் கோவையின் சர் ராபர்ட் ஸ்டேன்ஸ். மலைத் தோட்டங்களிலிருந்து வரும் காபிக்கொட்டையைப் பதப்படுத்தும் ஆலை வைத்துத் தொழிலில் வளர்ந்தவர். அவருடைய உதவியோடு 1920-ல் நாயுடு ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையில் ஓட்டினார். டிரைவர் சீட்டில் உட்கார்ந்தவரும் அவரேதான்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பைக்கைக் கழற்றி மாட்டும்போது ஒரு பாகம் தப்பாகப் போனால் அடிபடுவது அவர் ஒருவர். பஸ்ஸில் அப்படி இல்லை. பின்னால் பழனிக்குப் போகிற குடும்பங்கள் உட்கார்ந்திருந்தன. கழற்றிப் பார்க்கும் ஆர்வத்தோடு, சரியாக மாட்டும் பொறுப்பும் சேர்ந்தால்தான் அந்தத் தொழிலில் நிற்க முடியும். நாயுடு நின்றார். அவருடைய யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், அதாவது யு.எம்.எஸ், 1930-களில் 200-க்கும் மேற்பட்ட பஸ்களோடு, நாட்டிலேயே சிறப்பாக நடக்கும் பஸ் கம்பெனிகளில் ஒன்றாகப் பேர் வாங்கியது.

உங்கள் பைக்கின் பின்சீட்டிலும் யாரோ ஒருவர் உட்காருவார், இல்லையா? அதனால்தான் அந்த ரெண்டு சொட்டு எண்ணெய் வைத்தியம் வேண்டவே வேண்டாம். எண்ணெய் விட்டால் சத்தம் நிச்சயம் போய்விடும். ஏனென்றால் உராய்வே போய்விடும், அதோடு பிரேக்கும் போய்விடும். தேங்காய் எண்ணெய், இன்ஜின் ஆயில், செயின் ஸ்ப்ரே எதுவுமே டிஸ்க், பேடு, ஷூ பக்கம் போகக் கூடாது. செயினுக்கு ஸ்ப்ரே அடிக்கும்போது பின் டிஸ்க்கைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள். பழைய பைக்கில் முன் ஃபோர்க்கின் ஆயில் சீல் கசிந்து, அந்த ஆயில் வழிந்து டிஸ்க்குக்கு வருவதும் உண்டு. எண்ணெய் ஊறிய பேடைத் துடைத்துக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், மாற்றிவிடுங்கள். முதலில் கசிவைச் சரிசெய்துவிட்டு, அப்புறம் புது பேடு போடுங்கள்.

நீங்களே கழற்றலாம், இப்படித்தான்!

நாயுடு எந்த பாகம் எங்கே இருந்தது என்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. உங்கள் கையில் போன் இருக்கிறது. ஒவ்வொரு போல்ட்டைக் கழற்றுவதற்கு முன்னாலும் ஒரு போட்டோ எடுங்கள். வண்டியை சமதளத்தில், சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஓட்டி வந்த உடனே டிஸ்க்கில் கை வைத்தால் சுட்டுவிடும், ஆற விடுங்கள்.

கழற்றுவதற்கு முன்பு பாருங்கள். டார்ச் அடித்து காலிப்பர் இடைவெளி வழியாகப் பார்த்தால் பேடு எவ்வளவு மிச்சம் என்று தெரியும். பல பேடுகளில் நடுவே ஒரு பள்ளக்கோடு இருக்கும். கோடு மறைந்திருந்தால் பேடின் ஆயுள் முடிந்தது. டிரம் பிரேக்கில், பிரேக் லீவர் பக்கத்தில் ஓர் அம்புக்குறி இருக்கும். பிரேக்கை முழுசாக அழுத்தும்போது அது தேய்மானக் குறியைத் தொட்டால் ஷூவை மாற்ற வேண்டும்.

டிஸ்க் என்றால், காலிப்பர் போல்ட்டுகளைக் கழற்றி காலிப்பரை எடுங்கள். அதை பிரேக் ஹோஸில் தொங்கவிடாதீர்கள், ஒரு கயிற்றில் கட்டி நிறுத்துங்கள். பேடு வெளியே இருக்கும்போது பிரேக் லீவரைத் தொடவே கூடாது. தொட்டால் பிஸ்டன் வெளியே வந்துவிடும். டிஸ்க்கையும் காலிப்பரையும் பிரேக் கிளீனர் அடித்துத் துடையுங்கள். பேடு வழவழப்பாக இருந்தால், சமமான பலகையில் உப்புத்தாளை வைத்து, மேல்பரப்பு மங்கலாகும் வரை லேசாகத் தேயுங்கள். காலிப்பர் நகரும் பின்களைத் துடைத்து, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கான் கிரீஸை மெல்லிசாகப் பூசுங்கள். பேடின் முகத்தில் ஒரு துளிகூடப் படக் கூடாது. பேடுக்குப் பின்னால் இருந்த தகடு, ஸ்பிரிங் எல்லாம் அதே இடத்தில் திரும்ப உட்கார வேண்டும். அவையெல்லாம் அதிர்வைத் தடுக்கவே இருக்கின்றன. செகண்ட் ஹேண்ட் பைக்குகளில் யாரோ ஒருவர் எப்போதோ அதை மாட்ட மறந்திருப்பார். பல நேரம் சத்தத்துக்கு அதுவே காரணம்.

டிரம் என்றால் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். உள்ளே இருக்கும் கறுப்புத் தூசியை வாயால் ஊதாதீர்கள். பழைய ஷூக்களில் கல்நார் இருக்க வாய்ப்பு உண்டு. ஈரத்துணியால் துடையுங்கள். ஷூவை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, ஷூவை விரிக்கும் கேம் சுழலும் இடத்தில் மட்டும் கடுகளவு கிரீஸ் வையுங்கள்.

எல்லாவற்றையும் மாட்டிய பிறகு, வண்டியை நகர்த்துவதற்கு முன்னால், பிரேக் லீவரைப் பல முறை அழுத்தி கெட்டியாகிறதா என்று பாருங்கள். இதை மறந்தால் முதல் பிரேக் பிடிக்காது! நடக்கும் வேகத்தில் சமதளத்தில் ஓட்டிப் பாருங்கள். புது பேடு என்றால் ஆளில்லாத ரோட்டில் மிதமான வேகத்திலிருந்து பத்துப் பதினைந்து முறை மெதுவாக வேகம் குறைத்துப் பழக்குங்கள். மலைப்பாதை எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ரேஸரிலிருந்து கார் வரை

கழற்றிப் பார்த்தால் எதையும் செய்துவிடலாம் என்ற அந்த நம்பிக்கை நாயுடுவை எங்கெங்கோ கொண்டுபோனது. ஜெர்மனிக்கும் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் போனார். உலர் மின்கலத்தில் ஓடும் குட்டி மோட்டார் வைத்து `ரேசண்ட்' என்ற மின்சார ஷேவிங் ரேஸரை உருவாக்கினார். மெல்லிய பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி, வாக்குப் பதிவு இயந்திரம் என்று பட்டியல் நீண்டது. கேமராவும் விட்டுவைக்கப்படவில்லை. 1936-ல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தானே படம்பிடித்தார். 1937-ல் டி.பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து பீளமேட்டில் உருவாக்கிய மின் மோட்டாரை, இந்தியாவின் முதல் உள்நாட்டு மோட்டார் என்று கோவை இன்றும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது. பம்ப்செட்டுக்கும் மோட்டாருக்கும் கோவை பேர் வாங்கிய கதையில் அது முக்கியமான அத்தியாயம்.

எல்லாம் கைகூடவில்லை. 1941-ல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தயாரிக்க முடியும் என்று அறிவித்தார். 1952-ல் ரெண்டு பேர் உட்காரும் பெட்ரோல் காரை 2,000 ரூபாய் விலையில் உருவாக்கினார். அரசு உரிமம் தரவில்லை. மலையேறும் மாட்டுவண்டி பின்னால் உருளாமல் இருக்க சக்கரத்துக்கு அடியில் வைப்பார்களே, அந்த முட்டுக்கட்டை மாதிரி ஒரு உத்தரவு. நடுத்தரக் குடும்பத்துக்கு வந்திருக்க வேண்டிய கார் அங்கேயே நின்றது. வாழ்க்கை முழுக்க வண்டிகளை ஓட வைத்த மனிதருக்கு அது எவ்வளவு வலித்திருக்கும்!

கல்லூரிக்கு முதல்வரான படிக்காத பையன்

நாயுடு வாழ்க்கையில் சினிமாவையே மிஞ்சும் திருப்பம் ஒன்று உண்டு. பள்ளிப் படிப்பைத் தாண்டாதவர், 1945-ல் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியின் முதல்வர் ஆனார். சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் கோவையில் உருவான கல்லூரி அது. நிறுவக் காரணமாக இருந்தவரும் நாயுடுதான். இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரியின் வேர் அங்கே இருக்கிறது. பொறியியல் படிக்க நாலு வருஷம் தேவையில்லை, ரெண்டு வருஷம் போதும் என்பது அவர் கணக்கு. பட்டறையில் கை அழுக்கானால் பாடம் சீக்கிரம் ஏறும் என்று நம்பியவர் அல்லவா? அரசு அதை ஏற்கவில்லை. அவர் பதவியை விட்டு விலகினார்.

அவரே கல்லூரி தொடங்கப் பாடுபட்டார் என்பதை மறக்க வேண்டாம். கை வைத்துக் கற்பதற்கும், தெரிந்தவரிடம் கேட்டுக் கற்பதற்கும் சண்டை கிடையாது. நீங்கள் முதல்முறை பிரேக்கைத் திறக்கும்போது, பழகிய மெக்கானிக் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க் கோணலாகி லீவர் கையில் துடித்தாலோ, டிஸ்க்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்ச தடிமனுக்குக் கீழே தேய்ந்திருந்தாலோ, லீவர் ஸ்பான்ஜ் மாதிரி அமுங்கினாலோ நேராக அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

பிரேக் ஆயிலையும் அவரிடம் பார்க்கச் சொல்லுங்கள். அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த அளவு 155 வரை இறங்கிவிடலாம். நீண்ட இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வந்தால் சூடு ஏறி, ஆயில் கொதித்து, லீவர் காலியாகிவிடும். அதனால் ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுங்கள். கியர் பைக் என்றால், ஏறும்போது போட்ட அதே சின்ன கியரில் இறங்குங்கள். இன்ஜினே பாதி பிரேக் வேலையைச் செய்யும். இறக்கத்தில் நியூட்ரல் போட்டு பெட்ரோல் மிச்சம் பிடிக்கிற பழக்கத்தை இன்றோடு விட்டுடுங்க, ப்ளீஸ்.

1967-ல் கோவையில் தன் தொழில் கண்காட்சியை நாயுடு அமைத்தார். இயந்திரங்களை ஊர்ப் பிள்ளைகள் நேரில் பார்க்க வேண்டும் என்ற ஏற்பாடு. 1974-ம் ஆண்டு ஜனவரி 4 அன்று காலமானார். கோவை அவிநாசி சாலையில் 10 கிலோமீட்டர் நீளத்துக்கு 2025-ல் திறக்கப்பட்ட மேம்பாலம் இப்போது அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. தினமும் ஆயிரக்கணக்கான பைக்குகள் அதில் சர்ரென்று பறக்கின்றன. அவற்றில் செகண்ட் ஹேண்ட் பைக்குகளும் நிறைய இருக்கும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. ஒரு ஸ்பேனர் செட், ஒரு பிரேக் கிளீனர், ஒரு உப்புத்தாள், ஒரு பழைய துணி. பாகங்களைக் கழற்றின வரிசையிலேயே துணியில் அடுக்கி வைங்க. திரும்ப மாட்டி முடிச்சதும் துணியில் ஒரு நட்டுகூட மிச்சம் இருக்கக் கூடாது. ஒண்ணு மிச்சமிருந்தா, வண்டியை எடுக்காதீங்க. மறுபடியும் முதல்லேர்ந்து கழற்றுங்க!